கமிட்டி இருக்கும்போது சங்கம் எதற்கு?

ஐயா,

சாம்சங் வேலைநிறுத்தம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியின் எச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். எங்களிடம் தொழிலாளர் கமிட்டி இருக்கிறது. மாதாமாதம் கூடிப் பேசுகிறோம், கேட்பதில் பாதியாவது செய்துகொடுக்கிறோம். சங்கம் என்று வந்தால் வெளியாள் ஒருவர் உள்ளே புகுந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடுவார். உள்ளுக்குள் பேசித் தீர்க்கக்கூடியதை ஏன் தெருவுக்குக் கொண்டுபோக வேண்டும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கமிட்டியின் மினிட்ஸ் நோட்டைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் பர்சனல் பிரிவில் இருந்தபோது அந்த நோட்டை எழுதியவன் நான்தான். கேன்டீன் சாம்பார், திருநின்றவூரில் நிற்காமல் போகும் ஷிஃப்ட் பஸ், கிழிந்த சேஃப்டி ஷூ. எல்லாவற்றுக்கும் எதிரே 'முடிந்தது' என்று எழுதுவோம். யாராவது சம்பளம் என்று வாயெடுத்தால் மட்டும் 'நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுசெல்லப்படும்'. அடுத்த மாதமும் அதே வரிதான்.

இதில் யாருடைய சூழ்ச்சியும் இல்லை. கமிட்டியை உண்டாக்கிய 1947 தொழில் தகராறுகள் சட்டம் அதற்கு வைத்த வேலை அவ்வளவுதான்: அன்றாட உரசல்களைப் பேசித் தீர்ப்பது. நார்த்புரூக் சணல் ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960-லேயே சொல்லிவிட்டது. வேலை நிபந்தனைகளை மாற்றக் கமிட்டி சம்மதித்தாலும் அது தொழிலாளர்களைக் கட்டுப்படுத்தாது. சங்கத்தின் இடத்தில் கமிட்டி உட்கார முடியாது.

சுங்குவார்சத்திரத்தில் இருக்கும் சாம்சங் ஆலையில் நடந்ததும் இதுதான். 2024 செப்டம்பர் 9-ல் வேலைநிறுத்தம் தொடங்கியது. அக்டோபர் 7-ல் நிர்வாகம் கமிட்டியோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. மாதம் 5,000 ரூபாய் சிறப்பு ஊக்கத்தொகை, கூடுதல் ஏசி பஸ்கள். உங்கள் கணக்குப்படி அன்றைக்கே எல்லோரும் பந்தலைப் பிரித்துவிட்டு ஷிஃப்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. கையெழுத்துப் போட்டவர்களை அவர்கள் அனுப்பவில்லையே! அரசு நடுவில் நின்று பேசிய பிறகு, 15-ம் தேதிதான் முடிவுக்கு வந்தது. 37 நாள். தொழிலாளர்கள் தொடங்கிய சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' இருக்கக்கூடாது என்று கம்பெனி ஆட்சேபித்ததை இன்னும் என்னால் சிரிக்காமல் சொல்ல முடிவதில்லை. அந்தப் பெயருக்காகத்தானே அத்தனை பேரும் வருஷக்கணக்கில் பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் செய்துகொண்டிருந்தார்கள்! 2025 ஜனவரியில் அதே பெயரில் சங்கம் பதிவாயிற்று.

ஆக, அமைதி வேண்டும் என்று நினைக்கும் எச்.ஆருக்குத்தான் சங்கம் அதிகம் தேவை. லேபர் ஆபீசர் முன்னிலையில் சமரசப் பேச்சில் சங்கத்தோடு போடும் ஒப்பந்தம், 1947 சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து நாமெல்லாம் 12(3) என்று சொல்லிப் பழகியது, சங்கத்தில் சேராதவரையும் நாளைக்கு வேலைக்கு வருபவரையும்கூடக் கட்டுப்படுத்தும். கமிட்டியின் கையெழுத்துக்கு அந்த பலம் கிடையாது.

வெளியாள் புகார் நூறு வயதைத் தாண்டியது. 1918 ஏப்ரலில் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது அதற்குத் தலைவராக வந்த வாடியா, பம்பாய்ப் பார்சி. பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்னாடிக்) நெசவாலைக்காரர்கள் அவர்மேல் வழக்குப் போட்டு உயர் நீதிமன்றத்தில் தடையுத்தரவு வாங்கினார்கள். சங்க நிர்வாகிகளுக்கு அப்படிப்பட்ட வழக்குகளிலிருந்து பாதுகாப்புத் தரும் 1926 தொழிற்சங்கச் சட்டம் வருவதற்கு அந்த வழக்கும் ஒரு காரணம். உள்ளே இருப்பவன் வாயைத் திறந்தால் அடுத்த மாதம் டிரான்ஸ்ஃபர் அல்லது சார்ஜ் ஷீட். அதனால்தான் பேசுவதற்கு வெளியிலிருந்து ஒருவரைக் கூப்பிடுகிறான். உங்கள் நிர்வாகத்துக்கு ஆலோசனை சொல்லும் லேபர் லா கன்சல்டன்ட் மட்டும் எந்த லைனில் நின்று வேலை செய்கிறாராம்?

வெளியாட்களுக்குச் சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், எது குறைவோ அது. 2025 நவம்பரில் பழைய சட்டங்களுக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இது அப்படியே இருக்கிறது. மீதிப் பேர் உங்கள் ஆலையின் ஆட்கள்தான். அடுத்த சம்பளப் பேச்சுக்கு அவர்களைக் கூப்பிடுங்கள்.