குளுக்கோமாத் துளி மருந்து: பார்வை கூடவில்லை என்று நிறுத்தலாமா?

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் இருக்கும் என் அம்மாவுக்கு 64 வயது. கண் கிளினிக்கில் குளுக்கோமா என்று சொல்லி, டிமோலோல் காலையும் மாலையும், லற்றானோபுரொஸ்ற் இரவிலும் தந்தார்கள். இரண்டு மாதமாகியும் பார்வை தெளியவில்லை. பழைய முட்டு (ஆஸ்துமா) வருத்தமும் திரும்பியிருக்கிறது. மருந்தை நிறுத்தலாமா?

பதில்: முட்டுத்தான் முதலில் கவனிக்க வேண்டியது. கண்ணில் விடும் டிமோலோல் கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்கு இறங்கி, இரத்தத்தில் கலந்து, சுவாசக் குழாய்களைச் சுருக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது ஆகாது. இதயத் துடிப்பு மிகவும் குறைந்தவர்களுக்கும் அப்படியே. அடுத்த வேளை டிமோலோலைக் கண்ணில் போட வேண்டாம். கிளினிக் திகதிவரை காத்திராமல், இன்றே போத்தலையும் கிளினிக் கொப்பியையும் கொண்டுபோய் டொக்டரிடம் முட்டு வருத்தத்தைச் சொல்லுங்கள். மூச்செடுக்கவே கஷ்டப்பட்டால் 1990க்கு அழையுங்கள். டிமோலோலுக்குப் பதிலாக டோர்சோலமைட், பிரிமோனிடின் போன்றவை இருக்கின்றன. லற்றானோபுரொஸ்றை மட்டும் நிறுத்தவே வேண்டாம்.

பார்வை தெளியாததற்கு மருந்து குற்றமல்ல. குளுக்கோமா என்பது பெரும்பாலும் கண்ணுக்குள் நீரின் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பு பழுதாகும் நோய். அதில் செத்துப்போன நரம்பு இழைகள் மீள்வதில்லை. மிச்சமிருப்பதைக் காப்பதுதான் துளியின் வேலை. டிமோலோல் கண்ணுக்குள் நீர் சுரப்பதைக் குறைக்கும், லற்றானோபுரொஸ்ற் அந்த நீர் வெளியேறும் வழியைக் கூட்டும். வழமையான கண் அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீற்றர் இரசம். ஆனால் 21க்குக் கீழேயும் நரம்பு பழுதாகும் ஆட்கள் உண்டு, அதனால் அம்மாவுக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை டொக்டரிடமே கேட்டு எழுதிவையுங்கள். மருந்து வேலை செய்கிறதா என்பதை அழுத்தமும் பார்வைப் புலப் பரிசோதனையும்தான் காட்டும். கிளினிக் நாளில் துளி விடாமல் போனால் அந்த அழுத்த அளவு பிழையாகிவிடும்.

துளி விடும் முறையில்தான் பாதி மருந்து வீணாகிறது. கையைக் கழுவி, அம்மாவைப் படுக்கவைத்து, கீழ் இமையை இழுத்து ஒரு துளி விடுங்கள். இரண்டாவது துளி கன்னத்தில்தான் வழியும். போத்தல் முனை கண்ணில் படக்கூடாது. கண்ணை மெதுவாக மூடவைத்து, மூக்கோரத்து மூலையை விரலால் 2 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மருந்து உடம்புக்குள் போவது இதனால் குறையும். அடுத்த மருந்துக்கு 5 நிமிடமாவது இடைவெளி வேண்டும். ஓர் இரவு லற்றானோபுரொஸ்றை மறந்தால் மறுநாள் இரவு வழமைபோல ஒரு தரம் மட்டும் விடுங்கள். அதை நாளுக்கு இரண்டு தரம் விட்டால் பலன் குறையுமே தவிர அதிகரிக்காது.

திறக்காத லற்றானோபுரொஸ்றைப் பிரிஜ்ஜில் வையுங்கள், உறையவைக்க வேண்டாம். திறந்ததை 25 பாகைக்கு மேல் வைக்கக்கூடாது என்பதால், மட்டக்களப்பு வெயிலில் அதற்கும் பிரிஜ்தான் நல்லது. திறந்த திகதியை லேபலில் எழுதி, 4 கிழமையில் புதியதை எடுங்கள். கண் சிவப்பதும் இமைமயிர் நீளுவதும் இந்த மருந்தில் வருவதுதான்.

கண் சிவந்தது என்று பாமசியில் கேட்டு ஸ்ரீரொயிட் துளி வாங்கி விடாதீர்கள், அது அழுத்தத்தை ஏற்றும். திடீரென்று கடும் கண்வலி, விளக்கைச் சுற்றி வளையம், வாந்தி வந்தால் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். குளுக்கோமா குடும்பத்தில் தொடரக்கூடியது. 40 தாண்டிய பிள்ளைகளும் அம்மாவின் சகோதரங்களும் கண் அழுத்தத்தையும் நரம்பையும் பார்ப்பித்துக்கொள்ள வேண்டும்.