ஹப்பெல் வணிக நிலையம்: நேரக் குழப்பமும் கம்பளப் பேரமும்

வணக்கம். ஜூலையில் பெற்றோருடன் ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்து அரிசோனாவின் கனாடோவிலுள்ள ஹப்பெல் வணிக நிலையத்துக்குச் செல்வதாகவும், அது வெறும் அருங்காட்சியகமா, கம்பளத்துக்குப் பேரம் பேசலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

முதலில் கடிகாரத்தைக் கவனியுங்கள். கனாடோ இருப்பது நவஹோ என்னும் அமெரிக்கப் பழங்குடி மக்களின் நிலப்பகுதியில். கோடையில் அந்நிலப்பகுதியின் நேரம் ஃபிளாக்ஸ்டாஃபைவிட ஒரு மணி நேரம் முன்னே இருக்கும். இதை மறந்தால் கடை மூடும் வேளையில்தான் போய்ச் சேருவீர்கள்.

அது இன்றும் இயங்கும் கடையே. 1878இல் ஜான் லொரென்சோ ஹப்பெல் வாங்கிய அந்நிலையத்தை அவருடைய குடும்பம் 1967இல் தேசியப் பூங்காத் துறைக்கு விற்றபோதும் வணிகம் நிற்கவில்லை. ஒரு காலத்தில் நவஹோ மக்கள் கம்பளியையும் நெசவையும் கொடுத்து மாவும் காப்பியும் பெற்றுச்சென்ற முன்கூடத்தில் இப்போதும் மளிகைப் பொருள்கள் விற்கப்படுகின்றன. கம்பளங்களுக்குத் தனி அறை உண்டு.

அடர்சிவப்புப் பின்னணியில் சாய்சதுர வடிவம் கொண்டவை கனாடோ பாணியைச் சேர்ந்தவை. பெரிய கம்பளமொன்றைக் கைத்தறியில் நெய்து முடிக்கப் பல மாதங்கள் ஆகும் என்பதால், விலை மலைப்பாகத் தோன்றினாலும் பேரத்தைத் தவிர்ப்பதே முறை என்பது என் கருத்து. அம்மாவுக்கு நினைவுப் பொருளாகச் சிறிய நெசவுத் துண்டே போதும். மனிதர்களைப் படமெடுக்குமுன் அனுமதி கேளுங்கள். மதுப்புட்டி எதையும் வண்டியில் வைத்திருக்க வேண்டாம், அங்கே அது சட்டவிரோதம்.