ஓடையா, வாய்க்காலா, பள்ளமா? – கேள்வி பதில்

ஐயா, 'ஓடை' எங்கிருந்து வந்த சொல்?
விடு–விடை, கொடு–கொடை போல ஓடு–ஓடை. மழைநீர் ஓடி ஓடித் தானே போட்டுக்கொண்ட தடம். பத்து மாதம் வறண்டு கிடந்தாலும் அது ஓடைதான். இதை நினைவில் வையுங்கள், பிறகும் சொல்வேன்.

ஓடைக்கும் வாய்க்காலுக்கும் என்ன வித்தியாசம்?
ஓடை இயற்கை, வாய்க்கால் மனிதர் வெட்டியது. ஆனால் எதிரே இருப்பது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இரு பக்க நிலத்தையும் பாருங்கள். ஓடை தாழ்ந்த கோட்டில் போகும், நிலம் இரண்டு பக்கமும் அதை நோக்கிச் சரியும். வாய்க்கால் மேட்டோரமாகப் போகும், அப்போதுதான் மடை திறந்தால் வயலில் நீர் இறங்கும். சுருக்கமாக, ஓடை வாங்கும், வாய்க்கால் கொடுக்கும்.

கோடையில் ஓடைக்குள் இறங்கி நடந்து பாருங்கள். வளைவின் வெளிக்கரை அரிபட்டு, மர வேர்கள் தெரியச் செங்குத்தாக நிற்கும். உள்கரையில் மணல் சேர்ந்து சாய்வாக இருக்கும். அந்த வளைவை நீர்தான் வரைந்தது.

வடிகாலும் வாங்கத்தானே செய்கிறது?
நல்ல கேள்வி. ஆம், வடிகால் வெட்டியதுதான், ஆனாலும் வாங்கும். அங்கே நான் சொன்ன அடையாளம் போதாது. வளைவையும் கரையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சங்கப் பாட்டில் 'ஓடை யானை' வருகிறதே, ஓடையில் நிற்கும் யானையா?
இல்லை. அங்கே ஓடை என்பது யானையின் நெற்றிப்பட்டம். அரசனின் யானைப் படையைப் பாடும் இடத்தில் நீரைத் தேடாதீர்கள்.

வாய்க்கால், ஓடை, இரண்டும் ஒன்றுதானே?
இல்லை. மேலே சொல்லிவிட்டேன்.

எங்கள் ஈரோட்டுப் பக்கம் ஓடையைப் 'பள்ளம்' என்போம். சரியா அண்ணா?
முழுக்கச் சரி. குண்டேரிப்பள்ளம், வரட்டுப்பள்ளம், பெரும்பள்ளம் என்று அணைகளுக்கே அந்தப் பெயர் நிற்கிறது.

பள்ளம் என்றால் குழி. அது வட்டாரப் பிழை, எழுத்தில் சேர்க்கக் கூடாது.
இதை நான் ஏற்க மாட்டேன். பள்ளம் தாழ்ந்த நிலம். தாழ்ந்த நிலத்தில் நீர் ஓடுகிறது, நிலத்தின் பெயரே நீருக்கும் ஆகிறது. இதில் பிழை எங்கே?

அப்படியானால் குழிக்கும் ஓடைக்கும் ஒரே சொல்லா? குழப்பம்தானே?
'பள்ளத்துல தண்ணி வந்துருச்சு' என்றால் கொங்கு நாட்டில் யாரும் குழம்புவதில்லை. 'கால்' என்ற சொல் உடம்புக்கும் நீருக்கும் இல்லையா? பேசுகிறவர்களின் சொல்லைப் பிழை என்று ஒதுக்கினால், அந்த ஓடைகளின் அடையாளமும் சேர்ந்து போகும். அடுத்த தலைமுறை 'பெரும்பள்ளம்' என்ற பெயரைப் படித்துப் பெரிய குழி என்று நினைக்கும்.

அருவியும் ஓடையா?
இன்று நமக்கு அருவி மலையிலிருந்து விழுவது. மலையாளத்தில் 'அருவி' சிற்றோடையையும் குறிக்கும். திணை இலக்கணத்தில் குறிஞ்சிக்கு அருவியும் சுனையும், முல்லைக்குக் குறுஞ்சுனையும் கான்யாறும். கான்யாறு என்பது காட்டாறு. மழை பெய்தால் சீறும், நின்றால் அடங்கும்.

சிற்றாறு?
சிறிய ஆறு. தென்காசிப் பக்கம் அதுவே ஓர் ஆற்றின் பெயர். குற்றால மலையில் பிறந்து சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது.

சென்னையில் 'ஓட்டேரி நல்லா' என்கிறார்களே, நல்ல ஓடை என்றா?
இல்லை. இந்தியில் நீரோடையைக் குறிக்கும் 'நாலா'தான் ஆங்கிலேயர் வாயில் நல்லா ஆனது. ஓட்டேரி ஓடை என்றே சொல்லலாம்.

செய்தியோடை?
இணையத்தில் புதுச் செய்திகள் தொடர்ந்து வந்து சேரும் 'feed' என்பதற்குப் பொருத்தமான ஆக்கம். தயங்காமல் எழுதுங்கள்.

நான் பார்த்த மனை வறண்ட ஓடையை ஒட்டி இருக்கிறது. தண்ணீரே வருவதில்லை என்கிறார் தரகர். வாங்கலாமா?
முதல் பதிலைத் திரும்பப் படியுங்கள். வறண்டாலும் ஓடை ஓடைதான். கிராம நிர்வாக அலுவலகத்தில் நில எல்லைகளைக் காட்டும் புலப்படம் கேளுங்கள், 'ஓடைப் புறம்போக்கு' மனைக்குள் நுழைகிறதா என்று நில அளவரை வைத்துப் பாருங்கள். விலை, சட்டம் எல்லாம் வழக்கறிஞரிடம்.

வாய்க்காலுக்கும் ஓடைக்கும்…
மேலே இரண்டாம் பதில்.

எங்கள் ஊர் ஓடையை நேராக்கிச் சிமெண்டு போட்டு 'கால்வாய்' என்று பலகை வைத்துவிட்டார்கள். இனி அதை எப்படி அழைப்பது?
ஓடை என்றே அழையுங்கள். பலகை மாறினாலும் நிலத்தின் சரிவு மாறவில்லை. பெருமழை வந்தால் சுற்றியுள்ள நீர் அங்கேதான் வரும். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் அதற்கு வைத்திருந்த பெயரைக் கேட்டு எழுதி அனுப்புங்கள், நான் குறித்துவைத்துக்கொள்கிறேன்.