காசிமேட்டில் பழைய ஃபைபர் படகு வாங்கி மீன்பிடி உரிமம் எடுப்பது எப்படி? ஞாயிற்றுக்கிழமைகளில் அதே படகில் தூண்டில் போட ஆட்களைக் கூட்டிப்போகலாமா?

உரிமம் எடுக்கலாம். ஆட்களை ஏற்றக் கூடாது. எங்கள் வீட்டில் கடலுக்குப் போவது அப்பாவும் தம்பியும். படகுப் பேப்பர் வேலை முழுக்க நான்தான் பார்க்கிறேன். அதில் பட்டதைச் சொல்கிறேன்.

பதிவு வேறு, உரிமம் வேறு. படகு யாருடையது, எவ்வளவு நீளம், என்ன என்ஜின் என்பதற்கெல்லாம் சான்று பதிவு. அது மத்திய வணிகக் கப்பல் சட்டத்தில் வரும். அந்தப் படகை வைத்து நம் கடலில் வலை போட அனுமதிப்பது உரிமம். அது 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தில் வரும். ரியல்கிராஃப்ட் என்ற இணையதளத்தில் விண்ணப்பித்த பிறகு மீன்வளத் துறையினர் வந்து படகை நேரில் பார்ப்பார்கள். அளவு எடுப்பார்கள், என்ஜின் நம்பரைச் சரிபார்ப்பார்கள்.

நாங்கள் மாட்டிக்கொண்டது அந்த என்ஜின் நம்பரில்தான். அப்பா வாங்கிய படகின் பழைய ஓனர் நடுவில் என்ஜினை மாற்றியிருக்கிறார், பதிவுச் சான்றில் மாற்றவில்லை. புது என்ஜினுக்கு பில்லும் இல்லை. தெரிந்த மனுஷன்தானே என்று அப்பா முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டார். பெயர் மாற்றம் அப்படியே நின்றது. பில்லின் நகல் தேடி, பழைய ஓனரைக் கையெழுத்துப் போட வரவைத்து, மறுபடி சோதனை முடிய மூன்று மாதத்துக்கு மேல் ஆனது.

அதில் இரண்டு மாதம் எது தெரியுமா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். உள்ளேயே பெரிய என்ஜின் பொருத்திய விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். ஃபைபர் படகு மாதிரி சின்னப் படகுகள் மட்டும் கரையோரத்தில் தொழில் செய்யும். வஞ்சிரம், சங்கரா எதுவாக இருந்தாலும் நல்ல விலை போகிற நேரம். ஃபைபர்காரர்களுக்கு வருஷத்தில் அதுதான் கை நிறையும் காலம். எங்கள் படகு மணலில் கிடந்தது. தம்பி அடுத்தவர் படகில் கூலிப் பங்குக்குப் போய்வந்தான். அப்பா அந்த இரண்டு மாதமும் வீட்டில் சரியாகப் பேசவே இல்லை.

அதனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பதிவுச் சான்றை வாங்கிப் பாருங்கள். அதிலுள்ள என்ஜின் நம்பரை, என்ஜினிலேயே பொறித்திருக்கும் நம்பரோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். படகின் பக்கவாட்டில் ஐஎன்டி, டிஎன், மாவட்ட எண், எம்ஓ என்று வரிசையாக எழுதியிருக்கும். எம்ஓ என்றால் ஃபைபர் மாதிரி வெளியில் என்ஜின் மாட்டிய மோட்டார் படகு, எம்எம் என்றால் விசைப்படகு. அந்த எண்ணும் சான்றோடு ஒத்துப்போக வேண்டும். படகின் மேல் கடன் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பெயர் மாறும் வரை கொஞ்சம் பணத்தைக் கையில் நிறுத்திவையுங்கள். சொந்தக்காரராக இருந்தாலும் சரி. பின்னால் விசைப்படகு கட்டும் எண்ணம் இருந்தால், நீளம் 24 மீட்டருக்கும் என்ஜின் 240 குதிரைத்திறனுக்கும் மேல் போகக்கூடாது. கரையை ஒட்டிய குறிப்பிட்ட தூரத்துக்குள் அது வலை இழுக்கவும் கூடாது.

பேப்பர் உங்கள் பெயரில் இருப்பது மானிய டீசலுக்கு மட்டுமல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி, படகு, வலை எல்லாம் கறுப்பாகிப் போனது. அப்போது பாதித்த படகுக்கு 10,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். அப்படி ஒரு நாளில் இது என் படகு என்று காட்ட உங்கள் கையில் வேறு என்ன இருக்கும்?

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை யோசனை. மீன்பிடி உரிமம் மீன் பிடிக்கத்தான். காசு வாங்கி ஆள் ஏற்றினால் அது பயணிகள் படகு. அதற்குத் தனிச் சோதனை, தனி அனுமதி, இத்தனை பேர்தான் என்ற கணக்கு எல்லாம் உண்டு. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் உல்லாசப் பயணம் வந்தவர்களை ஏற்றிய மீன்பிடிப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். நம் ஊரிலிருந்து ரொம்பத் தூரமில்லை. ஃபைபர் படகில் எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து நின்றால் என்ன ஆகும் என்று கடலுக்குப் போகிறவனுக்குத் தெரியும். மீன் மாட்டியதும் குதிக்கிற சின்னப் பையனுக்குத் தெரியாது. ஒரு நண்பர் இதே யோசனையோடு வந்தபோது அப்பா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். நீங்களும் அதை விட்டுவிடுங்கள். முதலில் பெயர் மாற்றத்தை முடியுங்கள். ஜனவரியிலேயே விண்ணப்பித்தால் தடைக்காலம் தொடங்குவதற்குள் கடலில் இறங்கிவிடலாம்.