நைட்ரோ எரிபொருளில் ஓடும் பழைய ஆர்சி (ரிமோட்டில் ஓட்டும் சின்ன) டிரக்கை எலக்ட்ரிக்காக மாற்றலாமா, புதிதாகவே வாங்கிவிடலாமா?

தாராளமாக மாற்றலாம். உங்களுடையது நிஜ வண்டியில் 8-இல் 1 பங்கு அளவுள்ளதாகத்தான் இருக்கும். என்ஜின் போயிருக்கும், சேசிஸும் டிஃபரன்ஷியலும் நன்றாக இருக்கும், தூக்கிப்போட மனசு வந்திருக்காது.

என் வண்டியில் என்ஜினும் நன்றாகவே ஓடியது. நான் மாற்றியது எரிபொருளுக்காக. நைட்ரோ எரிபொருளில் பெரும்பகுதி மெத்தனால், மிச்சம் நைட்ரோமீத்தேனும் எண்ணெயும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60 பேருக்கு மேல் இறந்த பிறகு, அந்த கேனை வீட்டில் வைத்திருக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

எந்த மோட்டார் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். மோட்டார் காசு கொடுத்தால் கிடைக்கும், அதை உட்கார வைக்கும் மவுன்ட்டில்தான் வேலையே. நான் போட்டது 2200 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 2200 சுற்று) பிரஷ்லெஸ் மோட்டார், 4 செல் லிப்போ பேட்டரி. 14.8 வோல்ட்டில், சுமையில்லாமல் நிமிடத்துக்கு 32,500 சுற்று வரும். நைட்ரோ என்ஜினின் வேகத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் பழைய 46 பல் பிளாஸ்டிக் ஸ்பர் கியரையே (மோட்டார் சுழற்றும் பெரிய கியர்) விட்டுவிட்டேன். மவுன்ட்டை 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் நானே அறுத்து, அரம் போட்டுச் செய்தேன்.

முதல் ஓட்டத்தில் ரிமோட்டின் டிரிகரை முழுசாக இழுத்தேன். 10 மீட்டர் போயிருக்கும், கர்ர்ரென்று ஒரு சத்தம். வண்டி நின்றுவிட்டது, மோட்டார் மட்டும் கத்திக்கொண்டிருந்தது. புரட்டிப் பார்த்தால் ஸ்பர் கியரில் ஆறு பல் வழித்துக்கொண்டு போயிருந்தது, சேசிஸ் முழுக்கக் கறுப்புத் தூள். மோட்டாரை நகர்த்திப் பொருத்த மவுன்ட்டில் விட்டிருந்த ஸ்லாட்டில் (நீள ஓட்டையில்) மோட்டார் பின்னால் நகர்ந்திருந்தது.

கோயம்புத்தூர் கணபதியில் தெரிந்த லேத்துப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அண்ணன் தகட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். "பல்லு ரெண்டும் ஒண்ணையொண்ணு தள்ளுமுங்க தம்பி. பின்னால முட்டு இல்லாம போல்ட்டு எவ்வளவு நேரம் புடிச்சு நிக்கும்?" என்றார். 6 மில்லிமீட்டரில் புது மவுன்ட் அடித்து, மோட்டாருக்குப் பின்னால் ஒரு முட்டு போல்ட்டும் வைத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து ஒரு பல் கூடப் போகவில்லை.

ஸ்லாட்டே வேண்டாம் என்று விட்டுவிடவும் முடியாது. 18 பல் பினியனில் (மோட்டார் தண்டில் மாட்டும் சின்ன கியர்) மோட்டார் கை வைக்க முடியாத சூடு, 14-க்கு இறங்கினேன். மாடுல் 1 (பல்லின் அளவைச் சொல்லும் எண்) கியரில் 4 பல் குறைந்தால் மோட்டார் 2 மில்லிமீட்டர் உள்ளே வர வேண்டும். இரண்டு கியருக்கும் நடுவில் ஒரு நோட்டுத்தாள் துண்டை விட்டு, நெருக்கி, போல்ட்டை இறுக்கிவிட்டுத் தாளை உருவுங்கள். அந்த இடைவெளி போதும்.

அப்புறம், என்ஜினின் திராட்டிலை இயக்கும் சர்வோவையும், ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கான தனி பேட்டரியையும் கழற்றிவிடுங்கள். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சியில் பெக் (ரிசீவருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பகுதி) இருந்தால் ரிசீவருக்கு அதுவே மின்சாரம் கொடுக்கும். பேட்டரியை மோட்டாருக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். என்ஜினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் பாக்ஸுக்காக சேசிஸின் அடியில் விட்டிருக்கும் ஓட்டையைக் கட்டாயம் அடையுங்கள், அது வழியாகத்தான் கல் கியருக்குள் வரும்.

"கணக்குப் பார்த்தால் புதுசே லாபம்" என்று கீழே சிலர் எழுதுவார்கள். இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் இறக்குமதியில் இந்த வண்டிகளும் பொம்மைக் கணக்கில்தான் வரும். பொம்மைகளுக்கான சுங்க வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70. டிஃபரன்ஷியல், ஆயில் ஷாக் அப்சார்பர், உலோக டிரைவ் ஷாஃப்ட் எல்லாம் உள்ள ஒரு வண்டியைக் குழந்தையின் கிலுகிலுப்பையோடு ஒரே வரிசையில் வைப்பது எனக்கு இன்றுவரை பொறுக்கவில்லை. சொந்தக்காரர்களும் "இன்னும் பொம்மையா?" என்றுதான் கேட்கிறார்கள். இதில் நான் கற்ற கியர் கணக்கு எந்த வகுப்பிலும் எனக்குப் புரிந்ததில்லை.

சரி, உங்கள் சேசிஸை அடியிலிருந்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள். பழைய என்ஜின் மவுன்ட் ஓட்டைகளின் இடைவெளியைப் பார்த்துத் தகட்டின் அளவைச் சொல்கிறேன்.