கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்கிறது! – வாசகர்களின் கணினிக் கேள்விகள்

புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். வெறுங்காலோடு நின்று கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று ஏறுகிறது. கடைக்காரர் எஸ்.எம்.பி.எஸ்ஸை (கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டி) மாற்றிக் கொடுத்தும் நிற்கவில்லை.
– வாசகி, திண்டுக்கல்

இன்னும் நான்கு எஸ்.எம்.பி.எஸ் மாற்றினாலும் நிற்காது. கோளாறு பெரும்பாலும் உங்கள் வீட்டு பிளக் பாயின்ட்டில்தான் இருக்கும். எஸ்.எம்.பி.எஸ்ஸின் வாசலிலேயே மின் இரைச்சலை வடிகட்டச் சின்ன கெப்பாசிட்டர்கள் இரண்டு வைத்திருப்பார்கள். ஒன்று ஃபேஸுக்கும் (மின்சாரம் வரும் வயர்) கேபினெட்டுக்கும் நடுவே, இன்னொன்று நியூட்ரலுக்கும் (அது திரும்பும் வயர்) கேபினெட்டுக்கும் நடுவே. அவற்றில் கசியும் துளி மின்சாரம் எர்த் வயரில் இறங்கிவிட வேண்டும். எர்த் இல்லாவிட்டால் கேபினெட் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதியில், 110 வோல்ட்டை ஒட்டி நிற்கும். நீங்கள் தொட்டதும் அது உங்கள் வழியாகத் தரைக்குப் போகிறது. கசிவு மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு நிற்கிறது. ஆனால் உள்ளே இன்சுலேஷன் பழுதானால் முழு மின்சாரமும் அதே வழியில்தான் வரும். கம்ப்யூட்டரை டிவியோடு ஹெச்டிஎம்ஐ கேபிளில் இணைக்கும்போது பொறி பறந்து போர்ட் கருகுவதற்கும் பல வீடுகளில் இதுதான் காரணம்.

முதலில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பாருங்கள். மலிவான பாக்ஸ்களில் மூன்று துளை இருக்கும், உள்ளே வருவதோ இரண்டே வயர். எர்த் துளை வெறும் அலங்காரம். அதைத் தவிர்த்து நேராகச் சுவர் பாயின்ட்டில் செருகியும் ஷாக் இருந்தால், எலக்ட்ரீஷியனை மல்டிமீட்டரோடு வரச் சொல்லுங்கள். ஃபேஸ்–நியூட்ரல் 230 என்றால் ஃபேஸ்–எர்த்தும் கிட்டத்தட்ட அதே அளவு காட்ட வேண்டும். நியூட்ரல்–எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஃபேஸ்–எர்த் 60, 100 என்று தடுமாறினால் எங்கோ எர்த் விட்டுப் போயிருக்கிறது. கோடையில் மட்டும் இப்படியென்றால் எர்த் குழி காய்ந்திருக்கும். தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. பாயின்ட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் துண்டு வயரால் இணைத்துவிட்டு "சரியாயிடுச்சு" என்று போகிறவர்கள் உண்டு. மீட்டரும் சரியாகவே காட்டும். நியூட்ரல் எங்காவது அறுந்த அன்று கேபினெட்டில் முழு 230 வோல்ட் நிற்கும். ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. கரண்ட் போனதும் ஃபேன் ஓடுகிறது, கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது. தனி யு.பி.எஸ் வாங்கணுமா?
– வாசகர், கரூர்

வாங்கும் முன் இன்வெர்ட்டரின் பின்பக்கம் பாருங்கள். பல மாடல்களில் யு.பி.எஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். எஸ்.எம்.பி.எஸ் மின்சாரமில்லாமல் தாக்குப்பிடிப்பது 16 மில்லிசெகண்ட் அளவுக்குத்தான். சாதாரண மோடில் இன்வெர்ட்டர் அதைவிட நேரம் எடுத்துக்கொள்கிறது. சுவிட்சை மாற்றியும் ரீஸ்டார்ட் ஆனால் 600 விஏ யு.பி.எஸ் போதும். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து 100 வாட் இழுத்தால் வேலையை சேவ் செய்து அணைக்கத் தாராளமாக நேரம் கிடைக்கும். உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஏஹெச் பேட்டரி. இரண்டு மூன்று வருடத்தில் மாற்ற வேண்டிவரும். லேசர் பிரின்டரை இதில் மாட்டாதீர்கள். அதன் ஹீட்டர் சூடேறும்போது இழுக்கும் கரண்ட்டில் யு.பி.எஸ் ஓவர்லோடு ஆகிவிடும்.

செராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து வந்த பென்டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டன. உள்ளே மகளின் புராஜெக்ட் இருக்கிறது!
– வாசகர், தென்காசி

புராஜெக்ட் அநேகமாக அங்கேயேதான் இருக்கிறது. ஃபார்மேட் செய்ய வேண்டாம். இந்த வைரஸ் ஃபைல்களை அழிப்பதில்லை. மறைத்து வைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட் போடுகிறது. அதை டபுள் கிளிக் செய்தால் உங்கள் ஃபோல்டரும் திறக்கும், கூடவே வைரஸும் ஓடும். ஆகவே ஷார்ட்கட்டைத் தொடாதீர்கள்.

விண்டோஸ் செக்யூரிட்டியில் பென்டிரைவை முழுதாக ஸ்கேன் செய்யுங்கள். பிறகு ஃபோல்டர் ஆப்ஷன்ஸ் போய், வியூ பகுதியில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி, 'ஹைடு புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்பதில் உள்ள டிக்கை எடுங்கள். இந்த இரண்டாவது டிக்கைப் பலரும் விட்டுவிட்டு ஃபைல் போய்விட்டது என்று முடிவு செய்கிறார்கள். மங்கலான ஃபோல்டர்கள் தெரியும். சில சமயம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் எல்லாம் அடைந்து கிடக்கும். மங்கலான ஃபோல்டரை அப்படியே காப்பி செய்தால் மறைவும் சேர்ந்து வரும். கம்ப்யூட்டரில் புது ஃபோல்டர் உருவாக்கி, உள்ளிருக்கும் டாக்குமென்ட்களை மட்டும் எடுங்கள். எடுத்த பின் பென்டிரைவை ஃபார்மேட் செய்யலாம், அந்த டிக்கையும் திரும்பப் போட்டுவிடுங்கள்.

இனி கடைக்குப் போகும்போது, பிரின்ட் எடுக்க வேண்டிய பிடிஎஃப் மட்டும் இருக்கும் தனி பென்டிரைவ் கொண்டு போங்கள்.

ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பிடம்) நிரம்பிவிட்டது என்று தொல்லை செய்ததால் பிரவுசரில் போய்ப் படங்களை அழித்தேன். கம்ப்யூட்டரிலும் காணோம்!
– வாசகி, மதுரை

முதலில் பிரவுசரில் ஒன்டிரைவின் ரீசைக்கிள் பின்னுக்குப் போய் ரீஸ்டோர் கொடுங்கள். 30 நாள் வரை அங்கே இருக்கும். அதன்பின் போனது போனதுதான்.

நடந்தது இதுதான். விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைக்கும்போது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் ஒன்டிரைவுக்குள் நகர்த்திவிடுவது வழக்கமாகிவிட்டது. இலவச இடமோ 5 ஜிபிதான். ஒரு கல்யாணத்துப் படங்களுக்கே போதாது. 'பேக்கப்' என்று பெயர் வைத்திருந்தாலும் இது ஒத்திசைவு. இரண்டு பக்கமும் ஒரே பிம்பம். ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் அழியும்.

கடிகாரத்தின் பக்கத்திலுள்ள மேகச் சின்னத்தைத் தட்டி, செட்டிங்ஸ், சிங்க் அண்டு பேக்கப், மேனேஜ் பேக்கப் என்று போய் மூன்றையும் நிறுத்துங்கள். நிறுத்தியதும் டெஸ்க்டாப் காலியாகத் தெரிந்தால் பதற வேண்டாம். ஃபைல்கள் ஒன்டிரைவ் ஃபோல்டரில் இருக்கும், அங்கிருந்து பழைய இடத்துக்கு நகர்த்துங்கள்.

படங்களுக்கு 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்குங்கள்; முடிந்தால் இரண்டு, ஒன்று அக்கா வீட்டிலோ தம்பி வீட்டிலோ இருக்கட்டும். மாதம் ஒருமுறை இணைத்து, காப்பி செய்து, கழற்றிவிடுங்கள். கழற்றுவதுதான் முக்கியம். ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) புகுந்தால் அந்த நேரத்தில் மாட்டியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஃபோல்டர் பெயரை 2025-03-14 காதுகுத்து என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் வையுங்கள். தேதி எண்ணை முன்னால் போட்டால் எல்லா வருடத்து ஒன்றாம் தேதிகளும் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும்.

ஏழாம் தலைமுறை ஐ5 பிராசஸர், விண்டோஸ் 10 உள்ள கம்ப்யூட்டர். தூக்கிப் போட வேண்டியதுதானா?
– வாசகர், நாகர்கோவில்

வேண்டாம். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. பாதுகாப்பு அப்டேட்டுக்கு மட்டும் வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தார்கள். உங்கள் பிராசஸர் விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலில் இல்லை. வளைத்து நெளித்து ஏற்றலாம்தான். ஆனால் அப்டேட் வருமென்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. பேங்க் வேலை பார்க்கும் கம்ப்யூட்டரில் அது வேண்டாத விளையாட்டு.

பிரவுசர், யூடியூப், கடிதம் டைப் செய்வது இவ்வளவுதான் வேலை என்றால் விண்டோஸுக்குப் பதிலாக இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டமான லினக்ஸ் மின்ட் போடுங்கள். முதலில் 8 ஜிபி பென்டிரைவிலிருந்தே ஓட்டி, வைஃபையும் பிரின்டரும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம். டேலி கணக்கு மென்பொருள் ஓட்டுபவர்கள், டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் வைத்திருப்பவர்கள் விண்டோஸிலேயே இருப்பதுதான் நிம்மதி. இன்னும் ஹார்டு டிஸ்க்கில்தான் ஓடுகிறதென்றால் எதைச் செய்யும் முன்பும் அதைவிடப் பலமடங்கு வேகமான எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள்.

காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கலாமா?
– வாசகர், ஓசூர்

விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே போதும். ஆனால் காசில்லாமல் விண்டோஸை ஆக்டிவேட் செய்ய எதையாவது ஓட்டியிருந்தால், டிஃபெண்டரின் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலைத் திறந்து பாருங்கள். நீங்கள் சேர்க்காத ஃபோல்டர் அங்கே இருந்தால், அதற்குள் இருப்பதை ஸ்கேன் செய்யவே விடாமல் யாரோ தடுத்து வைத்திருக்கிறார்கள். டாக்குமென்ட்களை மட்டும் எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றுங்கள்; பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள்.