நிலாவெளிக் காணியை விற்றால் எட்டு ஆண்டு ஓடுமா?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். மாகாணத் திணைக்களம் ஒன்றில் வேலை. ஓய்வுக்கு இன்னும் ஆறு ஆண்டுகள். மனைவி ஆசிரியை. மகள் உயர்தர உயிரியல் பிரிவு, வரும் நவம்பரில் பரீட்சை. மகன் தரம் 8. நியூ ஜெர்சியில் இருக்கும் மனைவியின் அண்ணன், அங்கே இளங்கலைப் பட்டத்தையும் மருத்துவப் பட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்து எட்டு ஆண்டில் முடிக்கும் திட்டங்கள் இருப்பதாகவும், பள்ளிக்கூடம் முடித்த கையோடு மருத்துவக் கல்லூரி இடமும் உறுதியாகிவிடும் என்றும் சொல்லி, பிள்ளையை அனுப்பச் சொல்கிறார். கொழும்பு முகவர் ஒருவர் விண்ணப்ப வேலைகளுக்கு 7 இலட்சம் கேட்கிறார். 50 ஆயிரம் முற்பணம் கொடுத்துவிட்டேன். மனைவிக்குச் சீதனமாக வந்த 40 பேர்ச் காணி நிலாவெளியில் இருக்கிறது. 2 கோடிக்குக் கேட்கிறார்கள். நிலையான வைப்பில் 45 இலட்சம் உண்டு. காணியை விற்கலாமா?

பதில்: விற்காதீர்கள். காரணத்தைக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

அமெரிக்காவின் பெரிய தனியார் பல்கலைக்கழகங்களில் கட்டணம், விடுதி, சாப்பாடு, காப்புறுதி எல்லாம் சேர்த்து ஆண்டுச் செலவு 90 ஆயிரம் டொலரைத் தாண்டிவிட்டது. மருத்துவக் கல்லூரி ஆண்டுகள் அதைவிடக் குறைவதில்லை. எட்டு ஆண்டுக்கு ஏழரை இலட்சம் டொலர் என்று வையுங்கள். டொலர் 300 ரூபாய் என்றால் இருபத்திரண்டரைக் கோடி. உங்கள் காணியின் 2 கோடியும் வைப்பின் 45 இலட்சமும் சேர்ந்தால் 82 ஆயிரம் டொலருக்குக் கிட்ட வரும். முதலாம் ஆண்டு முடிவதற்கே இன்னும் எட்டாயிரம் குறைகிறது. இரண்டாம் ஆண்டு தொடங்கும்போது காணியும் இல்லை, வைப்பும் இல்லை, மகனுக்கு அப்போது சாதாரண தரப் பரீட்சை நெருங்கியிருக்கும்.

கணக்கு இதோடும் நிற்காது. நீங்கள் ரூபாயில் சம்பாதிக்கிறீர்கள், செலவு டொலரில். 2022 மார்ச்சில் டொலர் 200 ரூபாயை ஒட்டி நின்றது. மே மாதத்துக்குள் 360 ஆனது. அதற்கு முந்தைய ஆண்டு, மகனை வெளிநாட்டில் படிக்க அனுப்புவதற்காக வீட்டை விற்ற தந்தை ஒருவர் என்னிடம் வந்திருந்தார். பணம் நான்கு ஆண்டுக்குச் சரியாக இருந்தது. வட்டி வருகிறதே என்று முழுவதையும் ரூபாய் வைப்பில் போட்டார். பத்து வாரத்தில் அது இரண்டு ஆண்டுச் சொச்சத்துக்குச் சுருங்கியது. அவர் செய்ததில் முட்டாள்தனம் எதுவும் இல்லை. அந்த நேரத்தில் நானும் அதைத் தடுக்கவில்லை. உங்கள் கணக்கில் டொலர் 50 ரூபாய் ஏறினாலே சுமை மூன்றே முக்கால் கோடி கூடும்.

இனி மைத்துனர் சொன்ன திட்டத்துக்கு வருவோம். அவர் பொய் சொல்லவில்லை. அங்கே வளரும் பிள்ளைக்கு அது உண்மையான வாய்ப்புத்தான். வழக்கமான பாதையில் நான்கு ஆண்டு பட்டம் படித்து, மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதி, மறுபடியும் விண்ணப்பித்து, நேர்முகம் கண்டுதான் உள்ளே போக முடியும். இணைந்த திட்டத்தில் பதினேழு, பதினெட்டு வயதிலேயே இரண்டுக்கும் ஒரே தடவையில் இடம் கிடைக்கிறது. பெரும்பாலும் ஏழு அல்லது எட்டு ஆண்டு. ஆறு ஆண்டில் முடிப்பவையும் சில உண்டு. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை அமெரிக்கக் குடிமக்களுக்கும் பச்சை அட்டை (அங்கே நிரந்தரமாக வசிக்கும் அனுமதி) வைத்திருப்போருக்கும் மட்டுமே திறந்திருக்கின்றன. அரசுப் பல்கலைக்கழகங்கள் நடத்துபவற்றில் பல, அந்த மாநிலத்தில் வசிப்பவரையே கேட்கின்றன. மாமா வீட்டு முகவரியைப் போட்டால் மகள் நியூ ஜெர்சிக்காரி ஆகிவிடமாட்டாள். அவள் போவது மாணவர் விசாவில்.

‘உறுதியான இடம்’ என்ற சொல்லையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பட்டப்படிப்பின்போது குறிப்பிட்ட சராசரிப் புள்ளிக்குக் கீழே இறங்கினால் மருத்துவ இடம் போய்விடும். சில திட்டங்கள் நுழைவுத் தேர்விலும் குறைந்தபட்சப் புள்ளி கேட்கும். அப்படி இடம் இழந்த பிள்ளையின் கையில் ஓர் உயிரியல் பட்டம் இருக்கும். தகப்பன் கையில் காணி இருக்காது.

இதற்காக முயற்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. காணியை விற்காமல், கைச்செலவோடு முயற்சி செய்ய ஒரு வழி இருக்கிறது. றோட் ஐலன்ட் மாநிலத்தில் உள்ள பிரவுன் பல்கலைக்கழகத்தின் எட்டு ஆண்டுத் திட்டத்துக்கு வெளிநாட்டு மாணவரும் விண்ணப்பிக்கலாம். 2025இல் சேர்ந்த தொகுதியிலிருந்து அந்தப் பல்கலைக்கழகம் வெளிநாட்டு விண்ணப்பதாரியின் பண நிலைமையைப் பார்க்காமலே இடத்தைத் தீர்மானிக்கிறது. இடம் கொடுத்தால், குடும்பத்தால் கட்ட முடியாது என்று கணித்த தொகையை இளங்கலை நான்கு ஆண்டுக்கும் தானே ஈடுசெய்கிறது. இரண்டு அரச சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு அந்தத் தொகை மிகப் பெரிதாக இருக்கும். விண்ணப்பிப்போர் ஆயிரக்கணக்கில், இடங்களோ நூற்றுக்கும் குறைவு. லொத்தர் என்றே வையுங்கள். ஆனால் டிக்கெட் விலை குறைவான லொத்தர். விண்ணப்பக் கட்டணம், அமெரிக்கப் பல்கலைக்கழக அனுமதிக்கான எஸ்.ஏ.டி. பரீட்சைக் கட்டணம், பரீட்சைக்காக இரவு ரயிலில் கொழும்பு போய்வரும் செலவு, அவ்வளவுதான். கட்டண விலக்கும் கேட்கலாம்.

இங்கே ஒரு பொறியைச் சொல்லியாக வேண்டும். நிதி உதவி வேண்டுமா என்ற கேள்விக்கு ‘வேண்டாம்’ என்று போட்டால் இடம் கிடைப்பது சுலபம் என்று சில முகவர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். பண நிலைமை பார்க்காத இடத்தில் அந்தத் தந்திரத்தால் ஒரு பயனும் இல்லை. முதலில் உதவி கேட்காத வெளிநாட்டு மாணவர் பின்னர் கேட்டால் பல பல்கலைக்கழகங்கள் கொடுப்பதும் இல்லை. உண்மையைப் போடுங்கள்: சம்பளப் பத்திரம், வைப்புச் சான்று, காணியின் மதிப்பு, எல்லாவற்றையும்.

அடுத்தது மருத்துவ நான்கு ஆண்டு. இளங்கலைக்குக் கொடுத்த உதவி உறுதி அங்கே தானாகத் தொடர்வதில்லை. அமெரிக்க அரசின் மாணவர் கடன் வெளிநாட்டவருக்குக் கிடையாது. குடிமக்களுக்கே அது இறுகிவிட்டது: 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் எடுக்கும் மருத்துவ மாணவருக்கு ஆண்டுக்கு 50 ஆயிரம், மொத்தம் 2 இலட்சம் டொலர் என்று உச்சவரம்பு வைத்துவிட்டார்கள். தனியார் கடனுக்குப் பெரும்பாலும் அமெரிக்கக் குடிமகனோ பச்சை அட்டை வைத்திருப்பவரோ பிணை நிற்க வேண்டும். இதற்கும் மேலாக, பல மருத்துவக் கல்லூரிகள் வெளிநாட்டு மாணவரிடம் ஓர் ஆண்டிலிருந்து நான்கு ஆண்டு வரையிலான கட்டணத்தை முன்கூட்டியே தனிக் கணக்கில் வைப்பிலிடச் சொல்கின்றன. ஆகவே இடம் கிடைத்தால், ஏற்பதற்கு முன் மின்னஞ்சலில் இரண்டே கேள்வி கேளுங்கள்: ஐந்தாம் ஆண்டிலிருந்து வெளிநாட்டு மாணவருக்கு என்ன உதவி உண்டு? முன்வைப்பு எவ்வளவு? பதில் எழுத்தில் இருக்கட்டும்.

மைத்துனரோடு இதைத் தொலைபேசியில் பேசி முடிக்க வேண்டாம். ‘பிள்ளையை அனுப்புங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று அவர் மனதாரத்தான் சொல்கிறார். தங்க இடமும் சாப்பாடும் கொடுப்பது ஒன்று. இரண்டு, மூன்று இலட்சம் டொலர் கடனுக்குப் பிணைக் கையெழுத்து வைப்பது வேறொன்று. அவருக்கும் பிள்ளைகள் இருப்பார்கள், வீட்டுக் கடன் இருக்கும். எதற்கு அவர் கையெழுத்து வைப்பார் என்பதை முதலில் அவருடைய மனைவியும் இருக்கும்போது கேளுங்கள். அந்தக் கேள்வியைத் தள்ளிப்போட்டதால் அண்ணன் தங்கை பேச்சு நின்றுபோன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லாத விடயம் இசட் புள்ளி, அதாவது இங்கே பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் உயர்தரப் புள்ளி. எனக்கு அதுதான் வியப்பு. மருத்துவ பீட அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்ட அடிப்படைக்கு, மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் திருகோணமலையும் ஒன்று. கொழும்புப் பிள்ளைக்கு இல்லாத ஒரு வாசல் உங்கள் மகளுக்கு இருக்கிறது. ஐந்து ஆண்டு மருத்துவப் படிப்பு, கட்டணம் இல்லை. மட்டக்களப்பிலோ யாழ்ப்பாணத்திலோ இடம் கிடைத்தால் உங்கள் செலவு விடுதியும் சாப்பாடும் புத்தகமும்தான். அதைச் சம்பளத்திலேயே சமாளிக்கலாம்.

அமெரிக்கா அதோடு மூடிவிடுவதும் இல்லை. இங்கே படித்த மருத்துவர்கள் அந்நாட்டு மருத்துவ உரிமப் பரீட்சைகளை எழுதி, அங்கே வதிவிடப் பயிற்சிக்கு (பட்டத்துக்குப் பிந்திய வைத்தியசாலைப் பயிற்சிக்கு) விண்ணப்பிக்கிறார்கள். அதுவும் போட்டிதான், விசாச் சிக்கலும் உண்டு. ஆனால் அதற்கான மொத்தச் செலவு, அங்கே ஓர் ஆண்டு படிக்கும் செலவில் சிறு பகுதி. மைத்துனர் அப்போதும் நியூ ஜெர்சியில்தான் இருப்பார். தங்க இடம் கொடுக்கட்டும்.

நாட்காட்டியும் உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. நவம்பரில் உயர்தரம், ஜனவரித் தொடக்கத்தில் பிரவுன் விண்ணப்பம், மார்ச் இறுதியில் அவர்களின் முடிவு. அதைப் பார்த்த பிறகு உங்கள் வீட்டில் பேசலாம். ஒன்று மட்டும்: விண்ணப்பத்துக்கான கட்டுரை எழுதும் வேலையைப் பரீட்சை மாதங்களில் திணிக்காதீர்கள். ஓகஸ்ட் மாதத்திலேயே நகல் எழுதிவைக்கட்டும். மீதி நேரம் இரசாயனவியலுக்கு.

இனி முகவர். 7 இலட்சத்துக்கு அவர் என்ன செய்யப்போகிறார் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். இடத்தை ஒதுக்கித் தர எந்த முகவராலும் முடியாது. எந்த நிறுவனம் பட்டம் வழங்கும், அது எந்த நாட்டில் இருக்கிறது என்றும் கேளுங்கள். ‘அமெரிக்க இணைந்த பட்டம்’ என்று சொல்லிவிட்டுக் கரீபியன் தீவுக் கல்லூரி ஒன்றின் படிவத்தை நீட்டுவது பழைய பழக்கம். பெயர் கிடைத்ததும் இலங்கை மருத்துவ சபையிடம் அந்தக் கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். வெளிநாட்டில் படித்து இங்கே திரும்பித் தொழில் செய்ய வேண்டுமானால் சபையின் பதிவுப் பரீட்சையும் எழுத வேண்டியிருக்கும். விசாவுக்காக ஒரு மாதம் பெரிய தொகையை உங்கள் கணக்கில் போட்டுக் காட்டித் தருகிறேன் என்று அவர் சொன்னால், அத்தோடு எழுந்து வாருங்கள். விசா அதிகாரி முக்கியமாகப் பார்ப்பது முதலாம் ஆண்டுப் பணத்தை. மற்ற ஏழு ஆண்டும் உங்கள் தலையில்.

கொடுத்த 50 ஆயிரத்தை இன்றே பதிவுத் தபாலில் திருப்பிக் கேளுங்கள், பற்றுச்சீட்டுப் பிரதியோடு. வராவிட்டால் அதை நட்டமாக எழுதிவிடுங்கள். கொடுத்த பணம் வீணாகிவிடுமே என்று மிச்ச ஆறரை இலட்சத்தையும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று. காணி உங்கள் மனைவியின் பெயரில் உள்ள சீதனக் காணி என்று எழுதியிருக்கிறீர்கள். மைத்துனர் சொன்னதை எழுதினீர்கள், முகவர் சொன்னதை எழுதினீர்கள், காணி கேட்டு வருபவர் சொன்ன விலையையும் எழுதினீர்கள். உறுதியில் கையெழுத்து வைக்க வேண்டிய மனைவி என்ன சொல்கிறார் என்பது கடிதத்தில் இல்லை. மகள் என்ன சொல்கிறாள் என்பதும் இல்லை. இந்தப் பதிலை இருவரிடமும் வாசித்துக் காட்டுங்கள்.